ஐவர்சன் மேல் விழுந்த பழியும், ஐவர்சன் செய்த தவறும்

1928இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையர்கள் கும்பல் சேர்ந்து கறுப்பர்களை அடித்துக் கொல்வதும் மரத்தில் தொங்கவிடுவதும் அப்போது தென் மாநிலங்களில் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். கும்பலாகச் சேர்ந்து ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தினால் கும்பலில் இருந்தவர்கள் எல்லோரையும் பிடிக்கலாம். அதிகம் யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பிரிவை, 65 வருடம் கழித்து அதே மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில் தூசி தட்டி எடுத்தார்கள். யார் மேல் போட்டார்கள்? நான்கு கறுப்பு இளைஞர்கள் மேல். அவர்களில் ஒருவர் 17 வயதுப் பள்ளி மாணவர், ஆலன் ஐவர்சன்.

பின்னாளில் அமெரிக்க பேஸ்கட்பாலின் பெரிய நட்சத்திரம் ஆனவர் அவர். ஐவர்சன் பெயரைச் சொன்னாலே "சர்ச்சை நாயகன்" என்ற அடைமொழியும் கூடவே வந்துவிடுகிறது. ஜெயில், துப்பாக்கி, பச்சை குத்திய உடம்பு, பின்னல் முடி, பிராக்டிஸுக்கு மட்டம், கடன், விவாகரத்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் பல வருடங்களாகவே ஒரு மனக்குறை உண்டு. இந்தப் பட்டியலில் சிலது அவருக்கு மற்றவர்கள் செய்தது. சிலது தவறே கிடையாது, பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போனது, அவ்வளவுதான். மிச்சம் இருப்பது அவரே செய்தது, அதற்கு அவர்தான் பொறுப்பு. இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியதால் ஒரு பக்கம் செய்யாத தவறுக்கு அவர் திட்டு வாங்கினார். இன்னொரு பக்கம், என்னைப் போன்ற ரசிகர்கள் அவர் நிஜமாகவே செய்த தவறுகளையும் சேர்த்து மன்னித்துவிட்டோம்.

முதலில் ஹாம்ப்டன். 1975 ஜூன் 7 அன்று அவர் பிறந்தபோது அம்மா ஆனுக்கு வயது 15. பெற்ற அப்பா அவர்களோடு இல்லை. அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய்விட்டார். கட்டணம் கட்டாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்கள், குழாய் உடைந்து சாக்கடைத் தண்ணீர் வீட்டுத் தரையில் ஓடிய நாட்கள் எல்லாம் இருந்திருக்கின்றன. அந்த வீட்டிலிருந்து வந்த பையன் பெதல் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பால், பேஸ்கட்பால் இரண்டுக்கும் தூண். 1992 கடைசியில் ஃபுட்பாலில் பள்ளிக்கு மாநிலக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சில மாதங்களில் பேஸ்கட்பாலிலும் மாநிலக் கோப்பை. இரண்டு ஆட்டத்திலும் ஒரே வருடத்தில் மாநிலத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஃபுட்பாலில் அவர் ஆடியது குவார்ட்டர்பேக் இடம், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். அவரைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் பலரும் ஃபுட்பால்தான் அவருக்கு இன்னும் நன்றாக வந்தது என்கிறார்கள்.

இரண்டு கோப்பைகளுக்கும் நடுவில், 1993 பிப்ரவரி 14 அன்று, அந்த பௌலிங் அலே சண்டை நடந்தது. பந்தை உருட்டி ஆடும் கூடம், சர்க்கிள் லேன்ஸ் என்ற இடம். ஐவர்சனும் நண்பர்களும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெள்ளை இளைஞர்கள் சிலரோடு வாய்த்தகராறு. இன வசை வந்தது என்று ஐவர்சன் தரப்பு சொன்னது. வாய்த்தகராறு கைகலப்பாகி, நாற்காலிகள் பறந்தன. ஒரு பெண்ணின் தலையில் நாற்காலி பட்டு அடிபட்டது. அந்த நாற்காலியை எறிந்தது ஐவர்சன் என்று சாட்சிகள் சிலர் சொன்னார்கள். அடிதடி தொடங்கியதுமே தன்னை வெளியே கூட்டிப்போய்விட்டார்கள் என்றார் அவர். ஊரில் எல்லோருக்கும் என் முகம் தெரியும், அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலியைத் தூக்கி ஒருவர் மண்டையில் அடித்துவிட்டு ஒன்றும் ஆகாது என்று நான் நினைப்பேனா என்று கேட்டார். நல்ல கேள்வி.

சண்டை போட்டது இரண்டு தரப்பும். கைதானது கறுப்பர்கள் நால்வர் மட்டும். 17 வயதுப் பையனை வயது வந்தவராக வைத்து விசாரித்தார்கள். தண்டனை 15 ஆண்டு, அதில் 10 ஆண்டு நிறுத்திவைப்பு. அதாவது ஐந்து வருடம் உள்ளே. முதல் முறை மாட்டிய பள்ளி மாணவனுக்கு! ஹாம்ப்டன் அன்று இரண்டாகப் பிளந்தது. ஆட்டக்காரன் என்பதற்காகச் சலுகை கேட்கிறார்கள் என்றது ஒரு பக்கம். ஆட்டக்காரன் என்பதற்காகவே இவ்வளவு தண்டனை என்றது இன்னொரு பக்கம்.

அன்று வர்ஜீனியாவின் ஆளுநர் டக்ளஸ் வைல்டர். அமெரிக்க வரலாற்றில் மக்கள் வாக்களித்து ஆளுநரான முதல் கறுப்பர், அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். பதவி முடியும் தறுவாயில், 1993 டிசம்பர் கடைசியில், தண்டனையைக் குறைத்து ஐவர்சனை வெளியே விட்டார். நியூபோர்ட் நியூஸ் நகரின் சிறைப் பண்ணையில் நான்கு மாதம் போயிருந்தது. பள்ளியின் கடைசி வருட ஆட்டமும் போயிருந்தது. 1995இல் வர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பையே ரத்து செய்தது. ஆக, சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் இருபது வருடம் அவரைப் பற்றி வந்த கட்டுரைகளில் "சிறை சென்றவர்" என்ற வரி இருந்த அளவுக்கு, தீர்ப்பு ரத்தானது என்ற வரி இருக்கவில்லை. ஒன்றையும் மறக்கக் கூடாது, அந்தப் பெண்ணுக்கு அடிபட்டது உண்மை. நாற்காலியை எறிந்தது யார் என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை.

சிறைக்குப் போனவன் என்றதும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்த கல்லூரிகள் காணாமல் போயின. அம்மா ஆன் நேராக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கோச் ஜான் தாம்சனிடம் போய் நின்று, என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். தாம்சன் சாதாரண ஆள் இல்லை. 1984இல் கல்லூரிகளுக்கான தேசியக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினத் தலைமைக் கோச். ஆறடி பத்து அங்குலம், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு, கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. அவர் சரி என்றார். அந்த ஒரு "சரி" இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. 2016இல் பேஸ்கட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் ஐவர்சன் முதலில் நன்றி சொன்னவர்களில் தாம்சனும் ஒருவர். என் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி என்றார். 2020இல் தாம்சன் இறந்தபோதும் அதே வார்த்தைகளைத்தான் எழுதினார்.

ஜார்ஜ்டவுனில் இரண்டு வருடம். 1996இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்கட்பால் லீக்கான என்பிஏவில், அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக ஃபிலடெல்ஃபியா சிக்ஸர்ஸ் அணி அவரை எடுத்தது. கோபி பிரயன்ட், ஸ்டீவ் நாஷ், ரே ஆலன் எல்லாம் அதே வருடத்துப் பிள்ளைகள். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர்களிலேயே மிகக் குள்ளமானவர் ஐவர்சன்தான். ஏட்டில் ஆறடி, எடை 75 கிலோ. ஏழடி ஆட்கள் நிற்கிற ஆட்டத்தில் அந்த உடம்பை வைத்துக்கொண்டு கூடைக்குக் கீழே போய் விழுந்து விழுந்து எழுவார். பள்ளி மைதானத்தில் "நீ குள்ளம், ஓரமாக நின்று பந்து எடுத்துப் போடு" என்று ஒதுக்கப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு அவர் என்னவாக இருந்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரி மைதானத்தில் முழங்கையில் எந்த வலியும் இல்லாத பையன்கள் வலது கையில் நீளமான ஸ்லீவ் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஐவர்சன் அதை மாட்டியதற்குக் காரணம் 2001இல் வந்த முழங்கை வீக்கம். எங்களுக்கு அது தெரியாது. அவர் போட்டிருந்தார், அது போதும்.

1997 மார்ச் 12. முதல் வருட ஐவர்சன், எதிரே மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேனோ. பந்து ஐவர்சனிடம் வருகிறது. புல்ஸ் கோச் ஃபில் ஜாக்சன் ஓரத்திலிருந்து ஜோர்டானை அவர் மேல் போகச் சொல்லிக் கத்துகிறார். அந்தச் சத்தம் தன் காதில் விழுந்ததாக ஐவர்சனே பின்னால் சொன்னார். ஜோர்டான் வந்து குனிந்து நிற்கிறார். ஐவர்சன் முதலில் பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சின்னதாக ஒரு தட்டு தட்டுகிறார். ஜோர்டான் ஏமாறுகிறாரா என்று பார்க்கிற தட்டு. ஜோர்டான் லேசாக அசைகிறார். உடனே பெரிய தட்டு. உடம்பு முழுக்க இடப்பக்கம் போவதுபோலச் சாய்ந்து, தோள் சாய்ந்து, ஜோர்டானும் அந்தப் பக்கம் சாய்ந்த நொடியில் பந்து வலப்பக்கம் வந்துவிடுகிறது. நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடைவெளி. எம்பி எறிகிறார், பந்து உள்ளே. ஆனால் அந்தக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். அவ்வளவு தூரம் ஏமாந்த ஜோர்டான் அதே நொடியில் மீண்டு வந்து பந்தைக் கிட்டத்தட்டத் தடுத்திருப்பார், விரல்கள் அவ்வளவு பக்கத்தில் போகின்றன. ஐவர்சனும் பேட்டிகளில் அதைத்தான் சொல்வார். இவ்வளவு செய்தும் அந்த ஆள் திரும்பி வந்துவிட்டார் பார்த்தீர்களா என்று. அன்று 37 பாயின்ட். ஆட்டத்தில் ஜெயித்தது புல்ஸ்.

பந்தைக் கை மாற்றித் தட்டி ஏமாற்றும் அந்த கிராஸ்ஓவரை அவர் கற்றது ஜார்ஜ்டவுனில், மேட்ச்களில் ஆட அதிகம் வாய்ப்பே கிடைக்காத ஒரு சக மாணவரிடம். பிராக்டிஸின்போது அந்த மாணவர் தன்னைத் தினமும் அதே அசைவில் ஏமாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சொல்லிக்கொடு என்று கேட்டுக் கற்றுக்கொண்டாராம். பிராக்டிஸை மதிக்காதவர் என்று உலகமே சொல்கிற மனிதரின் ஆயுதம், பிராக்டிஸில் கற்றது. இதை அவர் மறைத்ததே இல்லை.

சரி, தோற்றத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

அவருக்கு முன்னால் என்பிஏ நட்சத்திரம் என்றால் ஜோர்டான் மாதிரி. மொட்டைத் தலை, அளவெடுத்துத் தைத்த கோட்டு சூட்டு, எல்லோருக்கும் பிடித்த சிரிப்பு. ஐவர்சன் தலையை ஒட்டிப் பின்னிய முடியோடு வந்தார். தொளதொள சட்டை, கழுத்தில் சங்கிலி, உடம்பெல்லாம் பச்சை. 1999இல் என்பிஏவின் சொந்தப் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது. போடும்போது படத்திலிருந்து பச்சை குத்திய இடங்களை எல்லாம் அழித்துவிட்டது. தோடும் சங்கிலியும்கூடக் காணோம். அவை என் பாட்டி, அம்மா, பிள்ளைகள் பெயர்கள், எனக்கு அர்த்தம் உள்ளவை, அதை அழித்தது என் கன்னத்தில் அறைந்த மாதிரி என்றார் ஐவர்சன். யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அம்மா பெயரை உடம்பில் எழுதிக்கொண்டார். அது பிரச்சினை ஆனது.

2005 அக்டோபரில் என்பிஏவின் தலைமைப் பொறுப்பில் இருந்த கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். முந்தைய ஆண்டு டெட்ராய்ட்டில் ஆட்டக்காரர்கள் பார்வையாளர் பகுதிக்குள் புகுந்து ரசிகர்களோடு அடித்துக்கொண்ட சம்பவத்துக்கு அப்புறம் லீக்கின் பெயரைச் சுத்தப்படுத்த வேண்டிய நெருக்கடி. அந்தச் சண்டையில் ஐவர்சன் இல்லவே இல்லை. ஆனால் தடை விதித்த பட்டியலைப் படித்தால் அவர் அலமாரியைத் திறந்துவைத்து எழுதியது போல இருக்கும்: டி-ஷர்ட், உடைக்கு மேலே தொங்கும் சங்கிலி, தொப்பி, அறைக்குள் கறுப்புக் கண்ணாடி. ஹிப்-ஹாப் தலைமுறையைக் குறிவைக்கிறார்கள் என்றார் அவர். இன்று என்பிஏ ஆட்டக்காரர்கள் அரங்கத்துக்குள் நடந்துவரும் அந்த நுழைவாயிலே ஃபேஷன் மேடையாகிவிட்டது. விதவிதமான உடை, பின்னல், பச்சை எல்லாவற்றையும் லீக்கே படம் பிடித்துப் போடுகிறது. பாதை போட்டவருக்குத் திட்டு, அதில் நடப்பவர்களுக்குக் கைதட்டல்.

2000–01 சீசனைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு முந்தைய கோடையில் சிக்ஸர்ஸ் அவரை டெட்ராய்ட்டுக்கு விற்கவே முடிவு செய்துவிட்டது. கோச் லாரி பிரவுனுக்கும் அவருக்கும் ஒத்தே வரவில்லை. நான்கு அணிகள் சேர்ந்த அந்த ஒப்பந்தம் நடக்காமல் போனதற்குக் காரணம், அதில் சேர்ந்து போக வேண்டியிருந்த மாட் கைகர் என்ற சக ஆட்டக்காரர் தன் ஒப்பந்தத்தில் இருந்த கூடுதல் தொகையை விட்டுக்கொடுக்க மறுத்தது. ஒருவரின் பணப் பிடிவாதத்தால் ஐவர்சன் ஃபிலடெல்ஃபியாவிலேயே தங்கினார். தங்கியவர் அந்த வருடம் மேட்சுக்கு சராசரி 31.1 பாயின்ட் எடுத்து எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். பிரவுன் சிறந்த கோச். நடுவில் வந்து சேர்ந்த முடோம்போ சிறந்த தடுப்பாட்டக்காரர். ஏரன் மெக்கி சிறந்த ஆறாவது ஆள், அதாவது சிறந்த மாற்று ஆட்டக்காரர். நான்கு விருதும் ஒரே அணிக்கு.

அந்த அணியை பிரவுன் கட்டிய விதம் எளிமையானது. மற்ற நான்கு பேரும் உயிரைக் கொடுத்துத் தடுப்பார்கள், பந்து பிடிப்பார்கள். பாயின்ட் எடுப்பது ஒருவர் வேலை. அந்த ஒருவர் மேட்சுக்கு இருபத்தைந்து முறைக்கு மேல் எறிவார், அதில் 42 சதவீதம்தான் உள்ளே போகும். இன்றைய புள்ளிவிவரக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், வீணடிக்கிறார் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த அணியில் அவர் எறியாவிட்டால் வேறு யார் எறிவது? எதிரணியில் ஐந்து பேர் கண்ணும் அவர் மேலேயே இருக்கும். வாழ்நாள் முழுக்க மேட்சுக்குச் சராசரி 41 நிமிடத்துக்கு மேல் ஆடிய உடம்பு அது. மொத்த ஆட்டமே 48 நிமிடம்.

சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் டொராண்டோவோடு ஏழு மேட்ச், மில்வாக்கியோடு ஏழு மேட்ச். டொராண்டோவுக்கு எதிராக ஒரு நாள் 54, இன்னொரு நாள் 52. ஃபைனல்ஸில் எதிரே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், அந்தப் பிளேஆஃபில் 11 மேட்ச் ஆடி ஒன்றில்கூடத் தோற்காமல் வந்த அணி. ஷகில் ஓ'நீலும் கோபியும். 2001 ஜூன் 6 அன்று முதல் மேட்ச், அவர்கள் ஊரில். முதல் பாதியிலேயே ஐவர்சன் 30 எடுத்துவிட்டார். அப்புறம் லேக்கர்ஸ் டைரான் லூ என்ற இளைஞரை அவர் பின்னால் நிழல் மாதிரி விட்டது. லூ நிஜமாகவே நன்றாகக் கட்டிப்போட்டார், அதை யாரும் சொல்வதில்லை. மேட்ச் கூடுதல் நேரத்துக்குப் போனது, லேக்கர்ஸ் ஐந்து பாயின்ட் முன்னால். அங்கிருந்து ஐவர்சன். கடைசி நிமிடத்தில் வலது மூலையில், லேக்கர்ஸ் பெஞ்சுக்கு நேர் எதிரே, பந்தை உள்ளே கொண்டுபோவதுபோலப் போய்ப் பின்னால் ஒரு எட்டு வைத்து எறிந்தார். தடுக்க வந்த லூ நிலைதடுமாறித் தரையில் விழுந்தார். பந்து உள்ளே போனதும் ஐவர்சன் விழுந்து கிடந்தவரை ஒரு பார்வை பார்த்தபடி, காலை நன்றாகத் தூக்கி, அவரைத் தாண்டி நடந்தார். 48 பாயின்ட். சிக்ஸர்ஸ் 107, லேக்கர்ஸ் 101. அப்புறம் நான்கு மேட்சும் தோற்றார்கள். லேக்கர்ஸ் அந்த முழுப் பிளேஆஃபிலும் தோற்றது அந்த ஒரு மேட்ச்தான்.

அடுத்த வருடம் பாஸ்டனிடம் முதல் சுற்றிலேயே வெளியேற்றம். 2002 மே 7 அன்று அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பு. "பிராக்டிஸ்" என்ற வார்த்தையை இருபது முறைக்கு மேல் சொன்ன அந்த இரண்டு நிமிடத் துணுக்கை பேஸ்கட்பால் பார்க்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். "மேட்ச் இல்லை, மேட்ச் இல்லை, மேட்ச் இல்லை. பிராக்டிஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்." உலகம் சிரித்தது, இன்னும் சிரிக்கிறது.

சந்திப்பு அரை மணி நேரம் நடந்தது. துணுக்கில் வராத பகுதியில் அவர் சொல்கிறார்: என் உயிர் நண்பன் செத்துப்போய்விட்டான், நாங்களும் தோற்றுவிட்டோம், எல்லாமே கீழே போய்க்கொண்டிருக்கிறது. முந்தைய அக்டோபரில், சீசன் தொடங்கும் முன்பு, சின்ன வயதிலிருந்து கூட இருந்த நண்பரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்த அறையில் அவர் குரலைக் கவனித்துக் கேட்டால் அது திமிர் பிடித்தவன் குரலாக எனக்குப் படவில்லை. துக்கத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாத மனிதனின் குரல். நிருபர்கள் விடாமல் பிராக்டிஸையே கேட்கிறார்கள், அவரும் விடாமல் அதையே திருப்பிச் சொல்கிறார்.

ஆனால், அந்தத் துணுக்குக்குப் பின்னால் இருந்த குற்றச்சாட்டு பொய் இல்லை. அவர் பிராக்டிஸுக்கு வராமல் இருந்தார், தாமதமாக வந்தார். ஒரு முறை இரண்டு முறை என்றால் சரி, வருடக்கணக்கில். நீங்கள் பிராக்டிஸுக்கு வந்தால் கூட ஆடுபவர்களை முன்னேற்றலாமே என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, பிராக்டிஸ் செய்து நான் எப்படி அவர்களை முன்னேற்ற முடியும் என்று எதிர்க்கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சக ஆட்டக்காரர் எரிக் ஸ்னோ 2001 பிளேஆஃபில் உடைந்த கணுக்காலோடு அவருக்காக ஆடினார். அப்படிப்பட்ட ஆட்களுக்குக் காலையில் எழுந்து வருவதாவது அவர் செய்திருக்க வேண்டிய கடமை. 2006 ஏப்ரலில், ஃபிலடெல்ஃபியாவில் சீசனின் கடைசி மேட்ச், ரசிகர்களுக்கு நன்றி சொல்வதற்கென்றே அறிவித்த நாள். அவரும் சக ஆட்டக்காரர் கிறிஸ் வெபரும் மேட்ச் தொடங்கும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். ஆடவே இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தோளில் தூக்கிவந்த அப்பாவிடம் அன்று யார் என்ன சமாதானம் சொல்லியிருக்க முடியும்?

மைதானத்துக்கு வெளியேயும் உண்டு. 1997இல் காரில் துப்பாக்கி, கஞ்சா. நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை என்று முடிந்தது. 2000இல் ஒரு ராப் பாட்டு பதிவு செய்தார், அதில் தன்பாலீர்ப்பாளர்களையும் பெண்களையும் கேவலமாகப் பேசும் வரிகள். ஸ்டெர்ன் கூப்பிட்டுக் கண்டித்தார், ஆல்பம் கடைசிவரை வெளிவரவில்லை. இங்கே ஸ்டெர்ன் பக்கம்தான் நான். 2002 கோடையில் மனைவியைத் தேடி இடுப்பில் துப்பாக்கியோடு உறவினர் வீட்டுக்குள் புகுந்தார் என்று வழக்கு. குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை நீதிபதி தள்ளுபடி செய்தார், மிச்சத்தையும் கைவிட்டார்கள். 2005இல் வாஷிங்டன் இரவு விடுதியில் அவருடைய பாதுகாவலர் அங்கே இருந்த ஒருவரை அடித்த வழக்கில், தன் ஆளைக் கட்டுப்படுத்தாதது ஐவர்சன் தவறு என்று ஜூரி சொல்லி, அடிபட்டவருக்கு 2,60,000 டாலர் கொடுக்கச் சொன்னது. ஹாம்ப்டனில் அவருக்கு நடந்தது அநியாயம் என்று உரக்கச் சொல்கிற நாம் அந்த விடுதியில் இந்த மனிதருக்குப் பட்ட அடியையும் அதே குரலில் சொல்ல வேண்டும். ரசிகர் மன்றங்களில் நான் இதைக் கேட்டதே இல்லை.

அவர் எப்போதுமே பொறுப்பில்லாதவர் என்று முடிவு கட்டவும் முடியாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குப் பெரிய பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கினார்கள். ஐவர்சன் போனார், டிம் டங்கனோடு சேர்ந்து கேப்டன். கோச் வேறு யாரும் இல்லை, அதே லாரி பிரவுன். அணி வெண்கலத்தோடு திரும்பி வசவு வாங்கியது. வராதவர்களை யாரும் திட்டவில்லை. போனவர் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பேசவும் இல்லை.

முடிவு சீக்கிரமாகவே வந்தது. 2006 டிசம்பரில் டென்வர் அணிக்கு, 2008 நவம்பரில் டெட்ராய்ட்டுக்கு மாற்றப்பட்டார். கால் வேகம் குறைந்துகொண்டிருந்தது. அந்த உடம்பை வைத்து அவர் ஆடியது முழுக்க வேகத்தால்தான். டெட்ராய்ட்டில் தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து மாற்று ஆளாக இறங்கி ஆடச் சொன்னார்கள். அதற்குப் பதில் ஓய்வு பெற்றுவிடுவேன் என்றார். மெம்பிஸில் மூன்றே மேட்ச். மறுபடி ஃபிலடெல்ஃபியா, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பாதியில் விலகல். 2010 கடைசியில் துருக்கியின் பெஷிக்டாஷ் அணி. கொஞ்சம் பொறுமையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மூன்று நான்கு வருடம் கௌரவமாக ஆடியிருக்கலாம் என்பது என் எண்ணம். யாராவது ஒருவர் அவரிடம் அதைச் சொல்லி, அவர் அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். தாம்சன் சொன்னால் கேட்டிருப்பாரோ என்னவோ. 2013இல் முறைப்படி ஓய்வு. 2014 மார்ச் 1 அன்று ஃபிலடெல்ஃபியா அவருடைய 3ஆம் எண் சட்டையை, இனி யாரும் அணியாதபடி, அரங்கில் கௌரவமாக மேலே ஏற்றியது. 24,368 பாயின்ட், நான்கு முறை லீக்கின் அதிகபட்ச ஸ்கோரர். கோப்பை மட்டும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் அவருடைய பலவீனமும் அவர் பிழைத்ததும் ஒன்றாகத் தெரிகிறது. சம்பளமாக மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர். கூட வளர்ந்தவர்கள், உறவுக்காரர்கள், கூட்டாளிகள் என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு அலைந்தார். எல்லோருக்கும் அவர்தான் செலவு. சாக்கடைத் தண்ணீர் ஓடிய வீட்டிலிருந்து ஒருவர் மேலே போனால், அந்தத் தெருவே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறப் பார்க்கும். அவருக்கும் கையை உதற மனம் வரவில்லை. 2012இல் ஒரு நகைக்கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய எட்டரை லட்சம் டாலருக்கு மேலான பாக்கிக்காக நீதிமன்றம் அவர் கணக்கில் கைவைத்தது. 2013 ஜனவரியில் மனைவி டவானாவோடு விவாகரத்து. பிறகு இருவரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள், அந்தச் செய்தி எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

ஷூ தயாரிக்கும் ரீபாக் நிறுவனத்தோடு 2001இல் அவர் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. வெளியான செய்திகளின்படி, வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு 8,00,000 டாலர், அதோடு 3.2 கோடி டாலர் ஓர் அறக்கட்டளைக் கணக்கில். அந்தப் பெரிய தொகையை 55 வயது ஆகும்வரை அவரால் தொட முடியாது. அதாவது 2030 வரை. எம்விபி விருது வாங்கிய கையோடு, 26 வயதில், உலகமே காலடியில் கிடந்தபோது போட்ட கையெழுத்து. இப்போது அவர் ரீபாக்கின் பேஸ்கட்பால் பிரிவுக்குத் துணைத் தலைவர், தலைவர் யார் என்றால் 2001 ஃபைனல்ஸில் அவரைத் தோற்கடித்த ஷகில் ஓ'நீல். அந்தப் பணத்தைப் பூட்டிவைக்கும் யோசனை யாருக்கு வந்ததோ, அந்த ஆளுக்கு அவருடைய ஐந்து பிள்ளைகளும் நன்றி சொல்ல வேண்டும். அவரை ரசித்தவர்களும் திட்டியவர்களும் அத்தனை பேர் சுற்றி இருந்தும், இந்த மனிதருக்கு உண்மையில் எது ஆபத்து என்று தெரிந்துவைத்திருந்தவர் அந்த ஒருவர்தான்.